பல்லின் பிறப்பை ஆராய்ந்த பெருமாட்டி

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்த நாடு நம் தமிழ்நாடு. நாம் படிக்க வந்திருக்கும் இந்த லக்னோ நகரத்திலும் வேப்பங்குச்சியைக் கட்டுக் கட்டாகத் தெருவோரத்தில் வைத்து விற்கிறார்கள். தெற்கானாலும் வடக்கானாலும், பல்லைக் காப்பது என்றால் பல்லைத் துலக்குவது என்பதே நம்மவர் எண்ணம். அந்த எண்ணம் தவறன்று. ஆனால், துலக்குவதற்கு ஒரு பல் வாயில் தோன்றும் முன்பே, அது உறுதியுள்ள பல்லா, நொய்ந்த பல்லா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இவ்வுண்மையை ஆராய்ச்சியினால் நிலைநாட்டி, வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்துக்கும் பல்லுக்கும் உள்ள உறவை உலகறியச் செய்தவர் ஓர் ஆங்கில மாது. மே மெல்லன்பி என்பது அவர் பெயர். பல் மருத்துவ உலகில் புகழ் பெற்ற அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெல்லன்பி என்னும் பெயருக்கும் இந்நகரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோமதி ஆற்றங்கரையில் நவாபுகள் காலத்துச் சத்தர் மன்ஸில் அரண்மனையை நண்பர்கள் பார்த்திருப்பார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னர், மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அந்த அரண்மனையில்தான் தொடங்கப்பெற்றது. 1951-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் பண்டித நேரு அதனைத் திறந்து வைத்தார். நெடுங்காலம் அங்கே இயங்கிய பின், அந்நிலையம் நகரின் மற்றொரு பகுதியில் புதிய வளாகத்துக்குப் பெயர்ந்தது. அதன் முதல் இயக்குநராக இங்கிலாந்திலிருந்து வந்து பணியாற்றியவர் சர் எட்வர்டு மெல்லன்பி. பல் மருத்துவம் பயில இவ்வூருக்கு வந்த நான், அவர் யார் என்று அறியும் ஆவலால் நூல்களைப் புரட்டினேன். அவருடைய வரலாற்றில் அவர் மனைவியின் பெயர் ஓரிரு வரிகளில் வந்து போயிற்று. அந்த ஓரிரு வரிகளைத் தொடர்ந்து சென்றபோது, கணவரின் வாழ்க்கையைக் காட்டிலும் மனைவியின் வாழ்க்கையே என் மனத்தை ஈர்த்துக்கொண்டது.

இளமையும் கல்வியும்

மே அம்மையார் 1882-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் லண்டனில் பிறந்தார். பிறந்த குடும்பத்தின் பெயர் ட்வீடி. குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் ருஷ்ய நாட்டில் வளர்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்து, 1902-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். இயற்கை விஞ்ஞானம் அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

அக்காலத்துக் கேம்பிரிட்ஜின் நிலையை இன்றைய மாணவிகள் கேட்டால் வியப்படைவார்கள். பெண்கள் அங்கே தங்கிப் படிக்கலாம், ஆண்கள் எழுதும் அதே தேர்வை எழுதலாம், தேறவும் தேறலாம். ஆனால் பட்டம் மட்டும் கிடையாது! கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-ஆம் ஆண்டில்தான். மே அம்மையார் படிப்பை முடித்து வெளியேறியதோ 1906-இல். படித்த படிப்புக்குரிய பட்டம் கையில் இல்லாமலே அவர் விஞ்ஞான உலகில் அடியெடுத்து வைத்தார்.

லண்டனில் பெண்களுக்கென்று நடந்த பெட்போர்டு கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சி செய்யவும் உடலியல் கற்பிக்கவும் இடம் கிடைத்தது. இரைப்பையில் செரிமான நீரைச் சுரக்கத் தூண்டும் பொருளை 1905-இல் கண்டறிந்த எட்கின்ஸ் என்னும் அறிஞர் அக்கல்லூரியில் இருந்தார். அவரோடு சேர்ந்து இரைப்பைச் சுரப்பு பற்றி ஆராய்ந்து, 1909-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டார் அம்மையார். பல்லைப் பற்றிய நினைவே அப்போது அவருக்கு இருந்திராது.

1914-ஆம் ஆண்டு எட்வர்டு மெல்லன்பியை மணந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் பயின்ற உடலியல் அறிஞர். அந்த ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. போர்க்களத்துக் குண்டுகளை உலகம் எண்ணிக்கொண்டிருந்த அந்நாளில், இவ்விருவரும் நாய்க்குட்டிகளின் எலும்பையும் பல்லையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்பதைக் காண்போம்.

நாய்க்குட்டிகள் சொன்ன செய்தி

அந்நாளில் இங்கிலாந்தின் ஆலைத் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் என்னும் நோய் குழந்தைகளை வாட்டி வந்தது. எலும்பு கெட்டிப்படாது, உடலின் சுமையைத் தாங்காமல் கால்கள் வில்லைப் போல வளையும், மார்புக் கூடு ஒடுங்கும். நோய்க்குக் காரணம் கிருமியா, காற்றோட்டம் இல்லாமையா, உணவா என்று அறிஞர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இதனை ஆராயும் பொறுப்பு எட்வர்டு மெல்லன்பியிடம் வந்தது.

அவர் நாய்க்குட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளைப் பிரித்து, சிலவற்றுக்கு ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, கொழுப்பு நீக்கிய பால், தாவர எண்ணெய் ஆகியவற்றைக் கொடுத்தார். மற்றவற்றுக்கும் ஏறக்குறைய அதே உணவுதான். ஆனால் தாவர எண்ணெய்க்கு மாறாக மீனெண்ணெயோ வெண்ணெயோ கொடுத்தார். முதல் வகைக் குட்டிகளின் கால்கள் வளைந்தன. மீனெண்ணெய் உண்டவை நிமிர்ந்து நடந்தன. காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெயில் எலும்பைக் காக்கும் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அச்சத்து வைட்டமின் ஏ-யாக இருக்கலாம் என்று எட்வர்டு முதலில் கருதினார். 1922-இல் அமெரிக்க அறிஞர் மக்காலம், மீனெண்ணெயைச் சூடாக்கி அதில் காற்றைச் செலுத்தி வைட்டமின் ஏ-யை அழித்த பிறகும் அது ரிக்கெட்ஸைத் தீர்ப்பதைக் கண்டு, இது வேறொரு சத்து என்று நிறுவினார். ஏ, பி, சி என்று முன்பே பெயர் பெற்றிருந்த சத்துக்களை அடுத்து, இதற்கு டி என்ற பெயர் வந்தது.

கணவர் கால்களைப் பார்த்தார். மனைவி வாயைத் திறந்து பார்த்தார். விஞ்ஞானத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் பல இப்படித்தான் நேர்கின்றன. எல்லோருடைய கண்ணிலும் படுவதை ஒருவர் மட்டும் நின்று உற்று நோக்குகிறார். மீனெண்ணெய் இல்லாத குட்டிகளுக்குப் பற்கள் காலந்தாழ்ந்து முளைத்தன. தாடை வளர்ச்சி குன்றியமையால் பற்கள் நெருக்கியடித்து ஒழுங்கின்றி நின்றன. அறுத்துப் பார்த்தால், பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் மெலிந்தும் கரடு முரடாகவும் இருந்தது. உள்ளேயுள்ள டென்டீனில் சுண்ணாம்புச் சத்து ஏறாத பள்ளங்கள் காணப்பட்டன. மீனெண்ணெய் உண்ட குட்டிகளின் பற்களோ பளபளவென்று கெட்டியாக வரிசையில் நின்றன. 1918-ஆம் ஆண்டு டிசம்பரில், போர் ஓய்ந்த சில வாரங்களுக்குள், இதனை லான்செட் என்னும் மருத்துவ இதழில் அம்மையார் வெளியிட்டார். உணவுக்கும் பல்லின் அமைப்புக்கும் உள்ள தொடர்பைச் சோதனை வாயிலாகக் காட்டிய அக்கட்டுரையே அவருடைய வாழ்நாட் பணிக்குக் கால்கோள் ஆயிற்று.

ஆயிரம் பால்பற்கள்

1920-இல் எட்வர்டுக்கு ஷெப்பீல்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. உருக்குத் தொழிலுக்குப் பெயர் போன அந்நகரத்தின் வானத்தை ஆலைப் புகை மூடியிருந்தது. கதிரவன் ஒளி அருமையாக வந்த அவ்வூரில் குழந்தைகளின் வாயில் சொத்தைப் பல்லுக்குப் பஞ்சமில்லை. அம்மையாரின் ஆராய்ச்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா?

நாய்க்குட்டிக்கு உண்மையானது மனிதக் குழந்தைக்கும் உண்மையாகுமா? இதுவே அவர் முன் நின்ற கேள்வி. விழுந்ததும் பிடுங்கியதுமான குழந்தைகளின் பால்பற்களைத் திரட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களைத் தாளினும் மெல்லிய சீவல்களாகத் தேய்த்து, ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். எத்தனை பொறுமை வேண்டும்! தேர்வுக்கு முன்னாள் இரவில் பத்துப் பக்கம் படிப்பதற்கே கொட்டாவி விடும் நம்மை எண்ணிப் பார்த்தேன், நாணமாக இருந்தது.

அப்பற்களில் பெரும்பான்மையானவை குறைபாடு உடையவையாக இருந்தன. வெளிப் பார்வைக்கு நல்லனவாகத் தோன்றிய பற்கள் பலவும் உள்ளே சரியாக அமையவில்லை. நன்கு அமைந்த பற்களில் சொத்தை குறைவாகவும், அமைப்புக் கெட்டவற்றில் சொத்தை மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். எனாமலின் மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாமல், கூரிய ஊசிமுனையால் தடவினால் மட்டும் உணரக்கூடிய ஒரு கரடுமுரடுத் தன்மையை அவர் பிரித்துக் காட்டினார். மெல்லன்பியின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து எம்-ஹைப்போபிளேசியா என்று அதனைப் பல் மருத்துவ நூல்கள் குறிக்கின்றன.

நன்றாக அமைந்தும் சொத்தையான பற்கள் சில. மோசமாக அமைந்தும் சொத்தையாகாத பற்கள் சில. தம் கொள்கைக்கு ஒத்துவராத இவற்றை அம்மையார் மறைக்கவில்லை. அவற்றுக்கும் காரணம் தேடினார். பல் முளைத்த பிறகும் அதன் உள்ளே உயிர் இருக்கிறது. வெளியே தேய்வோ சிதைவோ நேர்ந்தால், உள்ளிருக்கும் கூழ்ப்பகுதி புதிதாக டென்டீனைக் கட்டி, கோட்டையின் உட்சுவரைப் போலத் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. நல்ல உணவு கிடைத்தால் இந்த உட்சுவர் கெட்டியாகவும், கிடைக்காவிடில் பொத்தலாகவும் அமைவதை நாய்களிடம் அவர் கண்டிருந்தார். ஆகவே பல் உருவாகும் பருவத்து உணவோடு, பிற்காலத்து உணவும் கருதத்தக்கது என்று கூறினார்.

அடுத்து, மருத்துவமனையில் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் உணவைத் தோழர்களுடன் சேர்ந்து மாற்றி அமைத்துப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு வைட்டமின் டி மிகுந்த உணவு. மற்றொரு பிரிவுக்கு அது குறைந்த உணவு. சில மாதங்கள் கழித்துப் பற்களைப் பார்த்தபோது, டி மிகுந்த உணவு உண்ட குழந்தைகளுக்குப் புதுச் சொத்தைகள் குறைவாகத் தோன்றியிருந்தன. அதுமட்டுமன்று, முன்பே மெத்தென்று சிதைந்திருந்த இடங்கள் சில, மேலும் பரவாமல் இறுகிக் கெட்டிப்பட்டிருந்தன. 1924 முதல் 1932 வரையில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இச்செய்திகள் வெளிவந்தன. சொத்தை விழுந்த பல்லுக்கு அடைப்பும் பிடுங்கலும் தவிர வேறு வழியில்லை என்றிருந்த காலத்தில், சிதைவைத் தடுத்து நிறுத்தலாம் என்ற செய்தி சிறிய செய்தியா?

அவருடைய ஆராய்ச்சிகளை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1929, 1930, 1934 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய அறிக்கைகளாக வெளியிட்டது. பர்மிங்ஹாம் நகரை அடுத்த குழந்தைகள் விடுதிகளில் நடந்த சோதனையின் அறிக்கை 1936-இல் வந்தது. சில குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பாகும், சிலருக்கு ஆலிவ் எண்ணெயும், சிலருக்கு மீனெண்ணெயும் நாள்தோறும் கொடுத்துப் பார்த்த சோதனை அது. மீனெண்ணெய் பெற்ற பிரிவில் புதுச் சொத்தை குறைவாக இருந்தது. பட்டம் கொடாத கேம்பிரிட்ஜ் ஒருபுறம் இருக்க, ஷெப்பீல்டு, லிவர்பூல் பல்கலைக்கழகங்கள் அம்மையாருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கின.

எதிர்ப்பும் எடை போடலும்

இவ்வளவு சான்றுகள் இருந்தும், எல்லோரும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பெர்லினில் பணியாற்றிய மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், வாயிலுள்ள நுண்கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்று 1890-இலேயே நூல் எழுதியிருந்தார். எனவே வாய் தூய்மையாக இருந்தால் பல் சிதையாது என்பது அக்காலப் பல் மருத்துவர் பலருடைய கொள்கை. பல்லின் உள்ளமைப்பை முதன்மையாகப் பேசிய அம்மையாரின் கருத்து அவர்களுக்குப் புறம்பாகப் பட்டது.

இரண்டாம் உலகப்போர் ஒரு பெரிய சோதனைச் சாலையாக அமைந்தது. உணவுப் பங்கீடு நடந்த அக்காலத்தில் பிரிட்டிஷ் அரசு குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் பாலும் மீனெண்ணெயும் கிடைக்கச் செய்தது. மார்கரீனில் வைட்டமின் ஏ-யும் டி-யும் கலக்கப்பட்டன. தவிட்டோடு கூடிய மாவிலுள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதை எட்வர்டு காட்டியிருந்தார். அதனை ஈடுசெய்ய ரொட்டி மாவில் சுண்ணத்தூளும் சேர்க்கப்பட்டது. 1929-இல் லண்டன் பள்ளிகளில் ஐந்து வயதுக் குழந்தைகளின் பற்களை ஆராய்ந்து குறித்து வைத்திருந்த அம்மையார், 1943-இல் மீண்டும் அதே வயதுக் குழந்தைகளைப் பார்த்தார். குண்டு விழுந்த நகரம், பங்கீட்டு உணவு, ஆயினும் பற்கள் முன்னைவிட நன்றாக அமைந்திருந்தன, சொத்தையும் குறைந்திருந்தது.

இது முழுவதும் வைட்டமின் டி-யின் வெற்றிதானா? அப்படிச் சொல்லிவிடுவது நேர்மையாகாது. போர்க்காலத்தில் சர்க்கரைக்கும் மிட்டாய்க்கும் கூடப் பங்கீடு இருந்தது. குழந்தைகள் தித்திப்புத் தின்பது குறைந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சர்க்கரையின் பங்கை 1954-இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு வைப்பெஹோல்ம் ஆராய்ச்சி ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. தித்திப்பை அடிக்கடி வாயில் ஒட்டிக்கொள்ளும்படி தின்றவர்களுக்குச் சொத்தை பெருகிற்று. அந்த உண்மையைக் காண, மனநலம் குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்களைச் சோதனைக்கு ஆளாக்கியது அறமன்று என்று பிற்காலத்தார் கண்டித்தனர். ஆயினும் கிடைத்த உண்மை நிலைத்தது. இதற்கிடையே, 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் ஃப்ளூரைடு சேர்க்கப்பட்டது. சொத்தையைத் தடுக்க எளிய வழி கிடைத்துவிட்டது என்று உலகம் அந்தப் பக்கம் திரும்பிற்று. மெல்லன்பி அம்மையாரின் மூன்று அறிக்கைகளும் நூலக அலமாரிகளில் உறங்கலாயின.

எட்வர்டு 1933 முதல் 1949 வரை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் செயலாளராக விளங்கிப் பின் லக்னோவில் பணியாற்றித் திரும்பி, 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். 1925-இலேயே அவருக்கு ராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் பெருஞ்சிறப்புக் கிடைத்திருந்தது. அம்மையாருக்கு அது இறுதிவரை கிடைக்கவில்லை. கணவருக்குப் பின் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1978-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

உறங்கிய உண்மை விழித்தது

நல்ல ஆராய்ச்சி உறங்கும், இறந்துவிடாது. வைட்டமின் டி-யைப் பற்றிக் குழந்தைகளிடம் நடந்த சோதனைகள் அனைத்தையும் ஹூஜோல் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் ஒருங்கு திரட்டி 2013-இல் ஆய்வு வெளியிட்டார். 24 சோதனைகள், 2,827 குழந்தைகள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, வைட்டமின் டி பெற்றவர்களுக்குச் சொத்தை ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கு வந்தது. ஆனால் அச்சோதனைகளிற் பல பழமையானவை. இன்றைய அளவுகோலுக்குக் குறையுள்ளவை. ஆதலின் இம்முடிவின் உறுதி குறைவு என்று அவரே எழுதினார்.

2019-இல் டென்மார்க்கிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கருவுற்ற தாய்மாரில் ஒரு பிரிவினருக்கு மிகுந்த அளவிலும், மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான அளவிலும் வைட்டமின் டி கொடுத்து, பிறந்த குழந்தைகளின் பற்களை ஆறு வயதில் பார்த்தார்கள். வழக்கமான அளவு பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 27.5 விழுக்காட்டினருக்கு எனாமல் குறைபாடு இருந்தது. மிகுந்த அளவு பெற்றவர்களின் குழந்தைகளில் அது 15.1 விழுக்காடே. ஆனால் சொத்தையில் இரு பிரிவுக்கும் வேற்றுமை தெரியவில்லை. தாயின் உணவிலிருந்தே பிள்ளையின் பல் தொடங்குகிறது என்று நூறு ஆண்டுகளுக்கு முன் அம்மையார் கொண்ட கருத்துக்கு இது வலிவு தருகிறது. நல்ல எனாமல் மட்டுமே சொத்தையைத் தடுத்துவிடாது என்ற எச்சரிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது.

இவ்வுயிர்ச்சத்து வேலை செய்யும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் நம் தோலில் படும்போது வைட்டமின் டி உண்டாகிறது. அது ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, குடலிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் இரத்தத்தில் சேரத் துணை செய்கிறது. வீடு கட்டுவதற்குச் சுண்ணாம்பு வண்டி வாசலுக்கு வந்து நின்றாலும், கதவைத் திறந்து உள்ளே விடுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள்தான் வைட்டமின் டி. எனாமலைக் கட்டும் நுண்ணறைகள் கொத்தர்களைப் போன்றவை. ஆனால் இக்கொத்தர்களிடம் ஒரு விந்தை உண்டு. வேலை முடிந்து பல் முளைக்கும்போது அவர்கள் அழிந்துவிடுகிறார்கள். கட்டும்போது ஏற்பட்ட குறையைப் பின்னர் வந்து பூசித் தர அவர்கள் இருப்பதில்லை. எலும்பு முறிந்தால் கூடும்; உடைந்த எனாமல் மீண்டும் வளராமைக்கு இதுவே காரணம்.

நமக்கு என்ன பயன்?

நண்பர்களே, பால்பற்களுக்குச் சுண்ணாம்புச் சத்து ஏறத் தொடங்குவது தாயின் வயிற்றில் நான்காம் மாத அளவில். நிலைப்பற்களில் முதற் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டித் தொடங்குகிறது. ஞானப்பல் நீங்கலாக மற்றப் பற்களின் எனாமல் எட்டு வயதுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கல்லூரியில் பயிலும் நம்முடைய பற்களின் எனாமல் முடிந்துபோன கட்டடம். இனி நாம் எவ்வளவு மீனெண்ணெய் குடித்தாலும் அது புதிதாக உருவாகப் போவதில்லை. நம் எலும்புக்கு அந்தச் சத்து இன்றும் வேண்டும். அது வேறு செய்தி. பல்லைப் பொறுத்தவரையில், இருப்பதைக் காப்பதே நம் கடமை. இரு வேளை ஃப்ளூரைடு பற்பசையால் துலக்குவதும், விடுதித் தேநீர்க் கடையில் நாழிக்கொரு முறை சர்க்கரைத் தேநீர் பருகும் பழக்கத்தைக் குறைப்பதும் நம் கையில் இருக்கின்றன.

ஆனால் வீட்டில் கருவுற்றிருக்கும் அக்காமாரும் அண்ணிமாரும் நமக்கு உண்டு; தவழும் மருமக்கள் உண்டு; நாளை நமக்கே பிள்ளைகள் பிறப்பார்கள். மே அம்மையாரின் ஆராய்ச்சி பயன்பட வேண்டியது அவர்களுக்குத்தான். பயிற்சியின்போது என் முன் வந்து வாயைத் திறக்கும் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பார்க்கிறேன். மூன்று வயதுக்குள் முன்பற்கள் கரைந்து கறுத்துப்போன குழந்தைகளும் உண்டு. சரியாகத் துலக்கவில்லை என்று தாயைக் கடிந்துகொள்வது எளிது. இரவில் பால் புட்டியோடு தூங்க வைத்ததும், தித்திப்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் சில குழந்தைகளின் பல், தாய் துலக்கக் கற்பதற்கு முன்பே குறையோடு பிறந்த பல். அத்தாய்க்குப் பேறுகாலத்தில் போதிய பாலும் முட்டையும் வெயிலும் கிடைத்தனவா என்று கேட்பார் யார்? அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகு, கடிந்துகொள்வதற்கு முன் இக்கேள்வியை நான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

கதிரவன் கருணை மிகுந்த நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வெயில் ஊரில் இருந்தால் போதுமா? தோலில் பட வேண்டுமே! நாள் முழுதும் அறைக்குள்ளேயே வாழ்வோருக்கும், உடல் முழுதும் மூடிச் செல்வோருக்கும், புகைமூட்டம் சூழ்ந்த நகரத்தாருக்கும் அது கிட்டுவதில்லை. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவிக் காலை இளவெயிலில் காட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். நல்ல வழக்கமே, ஆயினும் தேவையான கதிர் மிகுந்திருப்பது உச்சிப் பொழுதை ஒட்டிய வெயிலில்தான். பச்சிளங் குழந்தையை அந்த வெயிலில் கிடத்தலாகாது. அதற்கு வேண்டிய சத்தை மருத்துவர் சொட்டு மருந்தாகவே கொடுத்துவிடுவார். பெரியவர்களுக்குச் சிறிது நேர வெயில் நல்லது. பனிக்காலத்தில் லக்னோ மக்கள் மொட்டை மாடியில் வேர்க்கடலையைக் கொறித்தபடி வெயில் காய்வதைப் பார்க்கிறோம். அந்த நற்பழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம். மாத்திரைகளை மட்டும் மருத்துவர் சொல்லாமல் விழுங்க வேண்டாம். இவ்வுயிர்ச்சத்து மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறித் தீங்கு விளைக்கும்.

மே மெல்லன்பியின் கொள்கை முழுவதும் வென்றது என்றும் சொல்ல முடியாது. தோற்றது என்றும் சொல்ல முடியாது. கிருமியும் சர்க்கரையும் பல்லை வெளியிலிருந்து தாக்குகின்றன என்று மற்றவர்கள் கண்டார்கள். தாக்கப்படும் பல் எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று அவர் கேட்டார். இரண்டும் வேண்டிய கேள்விகள். பகைவனை மட்டும் எண்ணிக் கோட்டைச் சுவரை மறந்த காலத்தில், சுவரை நினைவூட்டிய பெருமை அவருடையது. பட்டம் தர மறுத்த பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறி, கணவரின் புகழ் நிழலில் நின்றுகொண்டே, பால்பல் ஒன்றைச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்த அந்தப் பொறுமைதான் அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அறிவு தேடி ஊர் விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு அச்செல்வத்தில் ஒரு பங்கு கிட்டுமானால், நாம் கற்கும் கல்வி பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.